பென்சிலில் எழுதிய எண்: ஓவியப் பிரதிகளும் உங்கள் பிரிண்டரும்

கம்ப்யூட்டருடன் ஸ்கேனரும் சேர்த்து வாங்குபவர்கள் முதலில் ஸ்கேன் செய்வது பெரும்பாலும் பழைய குடும்பப் போட்டோவாகத்தான் இருக்கும். நான் முதலில் ஸ்கேன் செய்தது வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தை. ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு சதுரங்கள், நான்கு வண்ணங்கள், அவ்வளவுதான். படத்தின் கீழே இடது ஓரத்தில் பென்சிலில் எழுதியது போல 12/250 என்ற எண். வலது ஓரத்தில் ஒரு கையெழுத்து. “மொத்தமே 250 பிரதிகள்தான் சார் போட்டார்கள், இது 12ஆவது” என்று சொல்லி, அதற்கேற்ற விலையையும் வாங்கிக் கொண்டார் கடைக்காரர்.

சட்டத்திலிருந்து படத்தை எடுத்து, 1200 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்ணப் பரப்பு முழுவதும் நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு எனச் சின்னச் சின்னப் புள்ளிகள். அது கூடப் பரவாயில்லை. 12/250 என்ற எண்ணும் அதே புள்ளிகளால் ஆகியிருந்தது. கையெழுத்தும் அப்படியே. அதாவது எண்ணையும் கையெழுத்தையும் படத்தோடு சேர்த்தே அச்சடித்திருக்கிறார்கள். அந்தப் படத்தை வாங்கிய எல்லோர் வீட்டிலும் 12ஆவது பிரதிதான் தொங்கிக் கொண்டிருக்கும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. சதுரம், கோடு, வட்டம் ஆகியவற்றை மட்டும் கொண்டு வரையும் இந்த வகை ஓவியத்திற்கும் கம்ப்யூட்டருக்கும் 1960களிலிருந்தே நெருங்கிய உறவு உண்டு. இன்று உங்கள் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் போதும், நீங்களே அப்படி ஒரு படத்தை உருவாக்கி, எண்ணிட்ட பிரதிகள் எடுக்கலாம். அதற்கு முன் அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று தெரிந்து கொள்வோம்.

சதுரம் மட்டும் போதுமா?

எம்.எஸ். பெயிண்ட் புரோகிராமைத் திறந்து, சதுரம் வரையும் கருவியையும் வண்ணம் கொட்டும் வாளியையும் குழந்தைகள் கையில் கொடுத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் கட்டம் கட்டமாக ஒரு வண்ணப் படம் தயாராகி விடும். மரம், வீடு, மனிதர் என எதையும் காட்டாமல், வடிவங்களும் வண்ணங்களும் மட்டுமே கொண்ட படத்தை ஜியாமெட்ரிக் அப்ஸ்ட்ராக்ட் ஓவியம் என்கிறார்கள். வடிவக் கணித அரூப ஓவியம் என்று தமிழில் சொல்லலாம்.

ரஷ்ய ஓவியர் காசிமிர் மாலெவிச் 1915-ல் வெள்ளைப் பின்னணியில் ஒரு கருப்புச் சதுரத்தை வரைந்து காட்சிக்கு வைத்தார். நெதர்லாந்தின் பியட் மொந்திரியான் நேர்கோடுகளையும் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய வண்ணங்களையும் மட்டும் வைத்துக் கொண்டு பல ஆண்டுகள் வரைந்தார். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்த ஜோசப் ஆல்பர்ஸ், பின்னர் அமெரிக்காவில் குடியேறினார். 1950-ல் ஒன்றுக்குள் ஒன்றான சதுரங்களை வரையத் தொடங்கி, 1976-ல் இறக்கும் வரை அதே அமைப்பில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட படங்களை வரைந்தார். அமைப்பு மாறவில்லை, வண்ணங்கள் மட்டும் மாறிக் கொண்டே இருந்தன. ஒரே சாம்பல் நிறம், மஞ்சளின் நடுவே ஒரு விதமாகவும் நீலத்தின் நடுவே வேறு விதமாகவும் தெரியும். இதைக் காட்டுவதுதான் அவர் நோக்கம். பெயிண்ட் புரோகிராமில் இரண்டு சதுரங்களை வரைந்து நீங்களும் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

இந்த வகை ஓவியங்கள் பலவற்றில் தூரிகையின் தடம் அதிகம் தெரியாது. ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்கும். வண்ணம் ஒரே சீராக இருக்கும். எனவே கையால் வரைவதைக் காட்டிலும் அச்சுக்கு இவை மிகவும் பொருந்துகின்றன. இந்த வகை ஓவியர்களில் பலர் பிரதி எடுப்பதில் ஆர்வம் காட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

எடிஷன் என்றால் என்ன?

போஸ்டர் வேறு, ஓவியப் பிரதி வேறு. ஏற்கனவே வரைந்த ஓவியத்தைப் போட்டோ பிடித்து, ஆப்செட் அச்சில் ஆயிரக்கணக்கில் அடிப்பது போஸ்டர். அச்சிடுவதற்கென்றே ஓவியர் ஒரு படத்தை உருவாக்கி, தாமே அச்சிட்டோ, தம் பார்வையில் அச்சிடச் செய்தோ வெளியிடுவது ஓவியப் பிரதி. அங்கே அச்சாகி வரும் ஒவ்வொரு தாளும் அசல்தான்.

வடிவக் கணித ஓவியங்களுக்கு அதிகம் பயன்பட்டது ஸ்கிரீன் பிரிண்டிங். திருமணப் பத்திரிகைகளும் துணிப் பைகளும் அச்சாகும் அதே முறைதான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத் துணியில், வண்ணம் இறங்க வேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடங்களை அடைத்து விடுவார்கள். மேலே மையை ஊற்றி ரப்பர் பட்டையால் இழுத்தால், திறந்த இடத்தில் மட்டும் மை தாளில் இறங்கும். நான்கு வண்ணம் என்றால் நான்கு ஸ்கிரீன். ஒவ்வொரு தாளும் நான்கு முறை அச்சேற வேண்டும். ஓரம் ஒரு மயிரிழை விலகினாலும் அந்தத் தாள் கழிவுதான்.

இப்படி அச்சிட்ட தாள்களின் மொத்தத் தொகுதிக்கு எடிஷன் என்று பெயர். எத்தனை என்பதை முன்கூட்டியே முடிவு செய்து அறிவித்துவிட்டால் அது லிமிடெட் எடிஷன், அதாவது வரையறுத்த பதிப்பு. 7/50 என்றால் 50 பிரதிகளில் 7ஆவது. இவை தவிர ஓவியர் தமக்கென்று சில பிரதிகளை வைத்துக் கொள்வார். அவற்றில் எண்ணுடன் ஏ.பி. என்று குறித்திருக்கும். ஓவியர் பிரதி என்பது அதன் பொருள். எடிஷன் முடிந்ததும் அச்சுத் தகட்டின் குறுக்கே கோடு கீறி விடுவார்கள், அல்லது ஸ்கிரீனைக் கழுவி அழித்து விடுவார்கள். 51ஆவது பிரதி எடுக்க வழி இருக்காது. எண்ணுக்கு மதிப்பு வந்தது இதனால்தான்.

எத்தனை பிரதி என்பதில் ஓவியர்களிடையே இரண்டு விதமான போக்குகள் இருந்தன. ரஷ்யாவின் எல் லிசிட்ஸ்கி 1923-ல் ஜெர்மனியில் வெளியிட்ட இயந்திர மனிதர் படத் தொகுப்பு 75 பிரதிகள் மட்டுமே. ஹங்கேரியில் பிறந்து பாரிசில் வாழ்ந்த விக்டர் வாசரெலிக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரே ஒரு பணக்காரர் வீட்டில் தொங்கும் ஓவியத்தால் ஊருக்கு என்ன பயன் என்பது அவர் வாதம். எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று ஏராளமான பிரதிகளை வெளியிட்டார். சில வடிவங்களையும் வண்ணங்களையும் எழுத்துகளைப் போல வரிசைப்படுத்தி, எந்தக் கட்டத்தில் எந்த வடிவம், எந்த வண்ணம் என்று குறித்துக் கொடுப்பார். உதவியாளர்கள் அதன்படி வரைவார்கள். கம்ப்யூட்டர் இல்லாமலேயே அவர் எழுதிய புரோகிராம் என்று இதைச் சொல்லலாம்.

ஆல்பர்ஸ் இரண்டுக்கும் நடுவில் நின்றார். வண்ணங்களைப் பற்றிய அவருடைய பாட நூலை 1963-ல் யேல் பல்கலைக்கழகம் வெளியிட்டபோது, அதிலிருந்த 150 வண்ணப் பக்கங்களை ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் அச்சிட்டார்கள். அந்தப் பெட்டியை வாங்க வசதியில்லாதவர்களுக்காகப் பின்னர் சாதாரணப் பதிப்பும் வந்தது. 2013-ல் அதே நூல் ஐபேடில் இயங்கும் புரோகிராமாகவும் வெளியானது. அதில் வண்ணச் சதுரங்களை விரலால் நகர்த்தி நாமே சோதித்துப் பார்க்கும் வசதி இருந்தது.

கம்ப்யூட்டர் வரையத் தொடங்கியது

1965 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரில், பல்கலைக்கழகத்தின் சிறிய காட்சிக் கூடத்தில் சில கோட்டுப் படங்கள் வைக்கப்பட்டன. அவற்றை உருவாக்கியவர் கியார்க் நேஸ். அவர் சீமென்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய கணித அறிஞர். வரைந்தது கம்ப்யூட்டர் கட்டளைப்படி இயங்கும் கிராபோமேட் என்ற வரைவு மேஜை. கொன்ராட் சூசேயின் நிறுவனம் தயாரித்தது. காட்சிக்கு வந்த ஓவியர்கள் சிலர் கோபம் கொண்டார்கள். இயந்திரம் வரைவதும் கலையா என்பது அவர்கள் கேள்வி. அதே ஆண்டு ஏப்ரலில் நியூயார்க்கில் மைக்கேல் நோல், பேலா யூலெஸ் ஆகிய இருவரின் கம்ப்யூட்டர் படங்கள் காட்சிக்கு வந்தன. நவம்பரில் ஸ்டட்கார்ட்டில் பிரீடர் நாக்கே என்ற இளம் கணித மாணவரும் நேசுடன் சேர்ந்து தம் படங்களை வைத்தார்.

இவர்களில் நோல் செய்த சோதனை சுவையானது. மொந்திரியான் 1917-ல் வரைந்த கோட்டு ஓவியம் ஒன்று. அதைப் போலவே தம் கம்ப்யூட்டரை வரையச் செய்த படம் ஒன்று. இரண்டையும் ஜெராக்ஸ் பிரதிகளாக எடுத்து 100 பேரிடம் காட்டினார். எது கம்ப்யூட்டர் வரைந்தது என்று சரியாகச் சொன்னவர்கள் 28 சதவீதம் பேர் மட்டுமே. எந்தப் படம் பிடித்திருக்கிறது என்று கேட்டதற்கு 59 சதவீதம் பேர் கம்ப்யூட்டர் வரைந்ததைச் சுட்டினார்கள்!

அன்று வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் என்பது கனவில் கூட இல்லை. திரையில் பார்த்துத் திருத்தும் வசதியும் கிடையாது. புரோகிராமை எழுதி, துளையிட்ட நாடாவிலோ அட்டையிலோ பதிந்து கொடுக்க வேண்டும். பிளாட்டர் என்னும் கருவி உண்மையான பேனாவைப் பிடித்துக் கொண்டு தாளின் மேல் கோடு கோடாக வரையும். மை வறண்டால் கோடு விட்டுப் போகும். தாள் சுருங்கினால் படம் கெடும். எனவே ஒரே நாடாவை இரண்டு முறை ஓட்டினாலும் இரண்டு தாள்களும் முற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை. பல பிரதிகள் வேண்டும் என்றபோது, பிளாட்டர் வரைந்ததை ஸ்கிரீன் பிரிண்டிங் முறையிலோ லித்தோ முறையிலோ அச்சிட்டார்கள். நாக்கேயின் படங்கள் இப்படித்தான் பிரதிகளாக வெளிவந்தன. 1968-ல் லண்டனில் நடந்த சைபர்னெடிக் செரண்டிபிட்டி என்ற புகழ்பெற்ற கண்காட்சியின்போதும் கம்ப்யூட்டர் படங்கள் லித்தோ பிரதிகளாக வெளியிடப்பட்டன.

அந்தக் காலத்துப் படங்களில் இன்றும் பெரிதும் பேசப்படுவது நேஸ் உருவாக்கிய ‘ஷாட்டர்’. ஜல்லிக் கற்கள் என்று பொருள். ஒரு வரிசைக்கு 12 சதுரங்கள், மொத்தம் 22 வரிசைகள். மேல் வரிசையில் சதுரங்கள் ஒழுங்காக நிற்கும். கீழே இறங்க இறங்க ஒவ்வொன்றும் கொஞ்சம் சாயும், கொஞ்சம் விலகும். கடைசி வரிசைக்கு வரும்போது லாரியிலிருந்து கொட்டிய ஜல்லி மாதிரி சிதறிக் கிடக்கும். சதுரம் எவ்வளவு சாய வேண்டும் என்பதை ரேண்டம் எண்களும், அந்தச் சாய்வின் எல்லை எவ்வளவு என்பதை வரிசை எண்ணும் முடிவு செய்கின்றன. விதி சின்னது, படம் பெரியது.

பாரிசில் வாழ்ந்த வேரா மோல்னார் 1959 முதலே, கம்ப்யூட்டர் கிடைக்காத நிலையில், விதிகளைத் தாளில் எழுதி வைத்துக் கொண்டு தம்மையே ஒரு கம்ப்யூட்டராக நினைத்துக் கையால் வரைந்தவர். 1968-ல்தான் அவருக்கு உண்மையான கம்ப்யூட்டர் கிடைத்தது. ஒழுங்கான சதுரங்களில் 1 சதவீதம் மட்டும் ஒழுங்கின்மையைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று பார்ப்பது அவருக்குப் பிடித்த சோதனை. 2023 டிசம்பரில், நூறாவது பிறந்த நாளுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது காலமானார். ஜெர்மனியில் பிறந்த மான்பிரெட் மோர் 1971-ல் பாரிஸ் நகர நவீனக் கலை மியூசியத்தில் கம்ப்யூட்டர் படங்களை மட்டும் வைத்துத் தனிக் கண்காட்சி நடத்தினார். பிளாட்டர் எப்படி வரைகிறது என்பதையும் அங்கேயே இயக்கிக் காட்டினார்.

விதி எழுதி வடிவம் வரைவதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-ல் கோலத்தை வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். புள்ளிக் கோலங்களைக் கம்ப்யூட்டர் அறிவியலில் இலக்கண விதிகளாக எப்படி எழுதலாம் என்பதே அதன் பொருள். வாசலில் நாம் தினமும் பார்ப்பதும் விதிப்படி வரைந்த படம்தான். ஆனால் அதற்கு எடிஷன் எண் கிடையாது. மறுநாள் காலையில் அழிந்து விடும்.

உடைக்க முடியாத அச்சு

இனி சிக்கலுக்கு வருவோம். கல்லில் செதுக்கியதை உடைக்கலாம், தகட்டில் கீறலாம், ஸ்கிரீனைக் கழுவலாம். பைலை என்ன செய்வது? அழித்தாலும் எங்கோ ஒரு காப்பி இருக்கும். முதல் பிரதிக்கும் ஆயிரமாவது பிரதிக்கும் வேறுபாடே இருக்காது. ரேண்டம் எண்களும் காப்பாற்றாது. கம்ப்யூட்டர் தரும் ரேண்டம் எண்கள் ஒரு தொடக்க எண்ணிலிருந்து கணக்குப் போட்டு வருபவை. அதே தொடக்க எண்ணைக் கொடுத்தால் சிதறிய சதுரங்கள் மறுபடியும் அதே இடங்களில் சிதறும்!

வீட்டு பிரிண்டர்களின் மூத்த அண்ணன் என்று ஐரிஸ் 3047 என்ற இங்க்ஜெட் பிரிண்டரைச் சொல்லலாம். அச்சகங்களில் மாதிரி பார்ப்பதற்காகத் தயாரிக்கப்பட்ட இதன் விலை 1,26,000 டாலர். பாடகர் கிரகாம் நாஷ் இதை வாங்கி, 1991-ல் கலிபோர்னியாவில் நாஷ் எடிஷன்ஸ் என்ற அச்சகத்தைத் தொடங்கினார். இங்க்ஜெட் என்று சொன்னால் ஆபீஸ் பிரிண்டர் நினைவு வருகிறதே என்று, அங்கே பணியாற்றிய ஜேக் டுகான் ‘ஜிக்லே’ என்று ஒரு பெயர் வைத்தார். பீய்ச்சுதல் என்று பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து எடுத்தது. கடைகளில் ஜிக்லே பிரிண்ட் என்று எழுதியிருந்தால் மிரள வேண்டாம். அது நல்ல மையும் நல்ல தாளும் கொண்ட இங்க்ஜெட் பிரதிதான்.

இங்க்ஜெட் வந்த பிறகு 50 என்ற எண்ணுக்குப் பின்னால் எந்த இயந்திரக் காரணமும் இல்லை. 50-க்கு மேல் அச்சிட மாட்டேன் என்று ஒருவர் தரும் வாக்கு மட்டுமே இருக்கிறது. பென்சிலில் எழுதிய அந்தச் சின்ன எண், வாங்குபவருக்குக் கொடுத்த வாக்கு.

வாக்கு தவறியதற்குக் கம்ப்யூட்டர் காலத்திற்கு முன்பே உதாரணம் உண்டு. 1974-ல் பிரான்சிலிருந்து அந்தோராவுக்குச் சென்ற ஒரு வாகனத்தைச் சோதித்தபோது, சால்வதோர் டாலியின் கையெழுத்துடன் 40,000 வெற்றுத் தாள்கள் கிடைத்தன. படமே இல்லை, கையெழுத்து மட்டும்! டாலி இந்த வகை ஓவியர் அல்லர். ஆனால் எந்த வகைப் பிரதி வாங்குபவருக்கும் இது பாடம். டாலியின் கையெழுத்திட்ட பிரதி என்றாலே இன்றும் வாங்குபவர்கள் பல முறை யோசிக்கிறார்கள்.

வேறு வழியும் உண்டு. ஒரே படத்தை 500 முறை அச்சிடுவதற்குப் பதில், ஒரே விதியிலிருந்து 500 வெவ்வேறு படங்களை உருவாக்கலாம். கையால் முடியாத இது கம்ப்யூட்டருக்கு எளிது. 2023 ஜூலையில், தம் 99ஆவது வயதில், வேரா மோல்னார் இப்படி 500 படங்களை டிஜிட்டல் வடிவில் வெளியிட்டார். எல்லாம் ஒரே குடும்பம். எதுவும் இரட்டை அல்ல.

நீங்களே செய்து பாருங்கள்

ஜல்லிக் கற்கள் படம் போன்ற ஒன்றை வீட்டிலேயே உருவாக்கும் வழியைப் பார்ப்போம். பெயிண்ட் இதற்குப் போதாது. அதில் படம் பிக்சல்களால் ஆனது. 1024 × 768 பிக்சல் கொண்ட படத்தை 300 டி.பி.ஐ. தரத்தில் அச்சிட்டால் சுமார் மூன்றரை அங்குல அகலம்தான் வரும். அதற்கு மேல் பெரிதாக்கினால் ஓரங்கள் படிக்கட்டு போல ஆகி விடும். வெக்டார் முறையில் கோடுகள் கணக்காகவே சேமிக்கப்படுவதால், எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் கூர்மையாக இருக்கும். இதற்கு இங்க்ஸ்கேப் என்ற புரோகிராம் இலவசமாகவே கிடைக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள்.

1. ஏ4 அளவில் புதிய பக்கம் திறந்து, அளவு மி.மீ. என்று இருக்கும்படி அமைத்திடுங்கள்.

2. சதுரம் ஒன்றை வரைந்து, உள்ளே வண்ணம் இல்லாமல், 0.3 மி.மீ. கருப்புக் கோடு மட்டும் கொடுங்கள். தேர்வு அம்புக்குறிக்கு மாறி, மேலே உள்ள பெட்டிகளில் அகலம் 11, உயரம் 11 என்றும், இடம் மேல் இடது மூலையிலிருந்து 39, 25 என்றும் டைப் செய்திடுங்கள்.

3. எடிட் மெனுவில் குளோன் சென்று, கிரியேட் டைல்டு குளோன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கிடைக்கும் விண்டோவில் 8 வரிசை, 12 நெடுவரிசை எனக் கொடுத்து கிரியேட் பட்டனை அழுத்துங்கள். ஒழுங்கான 96 சதுரங்கள் வந்து நிற்கும்.

4. அதே அளவில் இன்னொரு சதுரத்தை 39, 113 என்ற இடத்தில் வையுங்கள். இந்த முறை 7 வரிசை, 12 நெடுவரிசை. ஷிப்ட் பிரிவில் ரேண்டமைஸ் என்ற இடத்தில் 5 சதவீதமும், ரொட்டேஷன் பிரிவில் 2 சதவீதமும் கொடுங்கள்.

5. மூன்றாவது சதுரம் 39, 190 என்ற இடத்தில். மறுபடியும் 7 வரிசை. சதவீதங்களை 20, 8 என்று உயர்த்துங்கள். சிதறல் பிடிக்கவில்லை என்றால் ரிமூவ் பட்டனை அழுத்திவிட்டு, வேறு எண்களைக் கொடுத்துப் பாருங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம்.

6. ஒவ்வொரு பகுதியிலும் முதல் சதுரத்தின் மேல் அதன் நகலும் அமர்ந்திருக்கும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, குளோன் மெனுவில் அன்லிங்க் செய்த பிறகு, கூடுதலாக உள்ள மூன்றை அழித்து விடுங்கள். மீதி 264 சதுரங்கள்.

7. ஒரு முறை எஸ்.வி.ஜி. பைலாகவும், அச்சிடுவதற்காக ஒரு முறை பி.டி.எப். பைலாகவும் சேமித்திடுங்கள். அச்சிடும்போது பக்கத்திற்கு ஏற்பச் சுருக்கு என்ற வசதியை நீக்கி, அளவு 100 சதவீதம் என அமைத்திடுங்கள்.

அச்சுக்கு ஜெராக்ஸ் தாள் வேண்டாம். கனமான, பளபளப்பில்லாத இங்க்ஜெட் தாளாக, அமிலம் நீக்கியது என்று குறித்துள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அமிலம் உள்ள தாள் சில ஆண்டுகளில் பழுத்து விடும். பிரிண்டர் மையில் சாய மை, நிறமி மை என இரு வகைகள் உண்டு. பொதுவாக நிறமி மை வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்காது. உங்கள் பிரிண்டரில் எது என்பதை அதன் கையேட்டில் பாருங்கள். வண்ணப் படம் என்றால், திரையில் மின்னும் பச்சையும் ஆரஞ்சும் தாளில் அப்படியே வராது. திரை ஒளியைக் கலக்கிறது. பிரிண்டர் மையைக் கலக்கிறது. எனவே முதலில் ஒரு தாளில் சோதனைப் பிரதி எடுத்து, வண்ணங்களைத் திருத்திக் கொள்ளுங்கள்.

இனி எண். அச்சிடும் முன்பே எத்தனை பிரதி என்று முடிவு செய்யுங்கள். பத்து போதும். நன்றாகக் காய்ந்த பின், படத்திற்குக் கீழே இடது ஓரத்தில் 1/10, 2/10 என்றும், வலது ஓரத்தில் கையெழுத்தும் ஆண்டும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறிப் பரவும், நாளடைவில் வெளுக்கும். பென்சில் எழுத்து தாளை அழுத்திப் பதிவதால், கையால் எழுதியது என்பதும் தெரியும். ஒரு நோட்டில் தேதி, தாள், மை, எந்த எண் யாரிடம் சென்றது என்று குறித்து வையுங்கள். பைலைச் சேமித்து வைப்பதில் தவறில்லை. ஆனால் 11ஆவது தாளைப் பிரிண்டரில் வைக்காதீர்கள். அளவோ வண்ணமோ மாற்றி மீண்டும் வெளியிட விரும்பினால், அது புதிய எடிஷன் என்பதை முதல் பத்துப் பேருக்கும் சொல்லிவிட வேண்டும்.

வாங்கும்போது கவனியுங்கள்

பணம் கொடுத்து வாங்குவதானால் கீழ்க்கண்டவற்றைப் பார்த்து வாங்குங்கள். நான் பார்க்காமல் விட்டவை இவை.

* எண்ணும் கையெழுத்தும் பென்சிலில் எழுதியவையா? தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். பென்சில் கோடு மெலிதாக மினுங்கும். தாளில் லேசான பள்ளம் இருக்கும்.

* பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். ஸ்கிரீன் பிரிண்டில் வண்ணம் புள்ளியின்றிச் சீராக இருக்கும். ஆப்செட்டில் வரிசையான புள்ளிகள் பூப்போலக் கூடி நிற்கும். இங்க்ஜெட்டில் நுண்ணிய தூறல் போலத் தெரியும். ஏற்கனவே வாங்கி விட்டீர்களா? சட்டத்திலிருந்து எடுத்து ஸ்கேனரில் 1200 டி.பி.ஐ. வைத்துப் பாருங்கள்.

* எந்த முறையில், எந்த ஆண்டில், எத்தனை பிரதி, ஏ.பி. எத்தனை என்ற விவரங்களை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அழகான சான்றிதழையும் யாரும் பிரிண்டரில் அடித்துக் கொள்ள முடியும் என்பதை மறக்க வேண்டாம்.

* போஸ்டர் வாங்குவது தவறில்லை. போஸ்டர் விலைக்கு வாங்குங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இண்டர்நெட்டில் கிடைக்கும் ஆல்பர்ஸ், வாசரெலி படங்களை எடுத்து அச்சிட்டு விற்காதீர்கள். இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. 1944-ல் இறந்த மொந்திரியானின் ஓவியங்களுக்கு அது 2004 முடிவில் தீர்ந்தது. 1976-ல் இறந்த ஆல்பர்சுக்கு 2036 முடிவு வரை உண்டு. 1997-ல் இறந்த வாசரெலிக்கு இன்னும் அதிகம். மற்றவர் பார்த்துப் பழகிய விதியை வைத்து நீங்கள் வரையலாம். அவர் வரைந்த படத்தை விற்கக் கூடாது.

என் 12/250 இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. வண்ணங்கள் அழகாகத்தான் இருக்கின்றன, அதனால் தூக்கி எறிய மனமில்லை. ஆனால் கீழே இருந்த எண்ணும் கையெழுத்தும் மறையும்படி சட்டத்தின் அட்டையை மாற்றி விட்டேன். பக்கத்துச் சுவரில் மேலே சொன்ன முறையில் என் மகள் செய்த ஜல்லிக் கற்கள் படம் தொங்குகிறது. கீழே அவள் கையால் பென்சிலில் 1/3 என்று எழுதியிருக்கிறாள். மற்ற இரண்டில் ஒன்று அவள் பாட்டியிடம், இன்னொன்று அவள் வகுப்பு ஆசிரியையிடம். நாலாவதாக ஒன்று எனக்கு அடித்துத் தரும்படி நண்பர் ஒருவர் கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டாள். வேண்டுமானால் வேறு எண்கள் கொடுத்துப் புதிதாக ஒன்று செய்து தருகிறாளாம்.